காய்ச்சலில் கிடந்த மோட்டர்

ஸ்பானரை நாலாவது தரம் சுற்றியும் மேல் பிளக் இறுகவில்லை. சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் தானாகவே வெளியே வந்து அமிர்தநாதரின் உள்ளங்கையில் விழுந்தது. பிளக்கைச் சுற்றி மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று, குழந்தையின் அரைஞாண் போல, ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"அதென்ன, வெள்ளிக் கம்பியோ?" என்றாள் மனைவி கிளடிஸ்.

"திரெட். மோட்டரின்ரை திரெட் முழுக்க இதில வந்திட்டுது."

"அப்ப மோட்டரில?"

"மோட்டரில ஓட்டை இருக்கு."

கிளடிஸ் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அவர்களுக்குக் கூரையாக இருப்பது வீட்டுக்காரர் இராஜரட்ணத்துக்குத் தரை. மோட்டரும் அவருடையதுதான்.

டோர்செட் பார்க் பக்கத்தில் இராஜரட்ணம் வீட்டு பேஸ்மென்றுக்கு அமிர்தநாதர் குடும்பம் வந்து ஏழு மாதம். வருகிற சனிக்கிழமை கோயில் ஆட்களோடு சிம்கோ ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறோம் என்று அமிர்தநாதர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம். ஒருவரும் கேட்காமலே, செவ்வாய்க்கிழமை பின்னேரம் இராஜரட்ணம் தன் பழைய பத்துக் குதிரைவலு மோட்டரை கராஜிலிருந்து தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டார்.

"கொண்டு போம் நாதர். படகும் ட்ரெயிலரும் கராஜில நிக்குது, சனிக்கிழமை காலமை எடும். பாசையூரில பதினைஞ்சு வருசம் கடலில நிண்ட ஆள், உமக்குத் தராமல் ஆருக்குத் தாறது? ஓட முதல் பிளக் ரெண்டையும் ஒருக்கா இறுக்கிப் பாரும். பயப்பிடாமல் இறுக்கும்."

சொல்லிவிட்டு முழங்கை நீளத்தில் ஒரு ஸ்பானரையும் கையில் தந்தார்.

மோட்டரை கராஜிலேயே விட்டிருக்கலாம். ஆனால் பாசையூரில் படகுதான் கரையில் கிடக்கும், மோட்டர் வீட்டில் படுக்கும். மோட்டரைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்து நித்திரை கொண்டவனை அமிர்தநாதர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தப் பழக்கத்தில் எழுபது இறாத்தல் சாமானைத் தோளில் ஏற்றிப் படி இறக்கி, குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையில் பூட்டி வைத்தார். புதன்கிழமை வேலையால் வந்ததும் வராததுமாக, பயப்படாமல் இறுக்கினார்.

ஸ்பார்க் பிளக் என்பது பெற்றோலைப் பற்றவைக்கிற சாமான். மோட்டரின் அலுமினியத் தலையில் உள்ள ஓட்டையில் திருகிப் பூட்டுவது. ஓட்டையில் திரெட் என்கிற புரி இல்லாவிட்டால் பிளக் நிற்காது. பிளக் நிற்காவிட்டால் மோட்டரைக் கொண்டு கதவுக்கு முண்டுதான் கொடுக்கலாம்.

"மேல போய்ச் சொல்லிப்போடுவம்," என்றாள் கிளடிஸ். "நல்ல மனுசன். உள்ளதைச் சொன்னா விளங்கிக்கொள்ளுவர்."

"விசர்க்கதை கதையாதை. இரவல் வாங்கின பொருளை உடைச்சுப்போட்டு, உடைச்சுப்போட்டன் எண்டு வெறுங்கையோட போய் நிக்கிறதோ? இந்த நாட்டுச் சனம் செய்யும். காலை மிதிச்சவனும் 'சொறி' எண்டுவான், மிதிபட்டவனும் 'சொறி' எண்டுவான். நாங்கள் திருத்திக் குடுத்துப்போட்டுத்தான் வாய் திறக்கவேணும். வாங்கினதைவிட ஒரு படி நல்லாக் குடுக்கவேணும்."

அது வீராப்பு. வீராப்புக்குக் கீழே பயம் இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்த மூன்று வருடத்தில் இது நாலாவது வீடு. பார்க்டேலில் இருந்த முதல் வீட்டுக்காரி, கருவாடு பொரித்த அன்றே வாசலில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டாவது ஆள் குளிக்கிற நேரத்தை மணிக்கூடு வைத்துப் பார்த்தார். மூன்றாவது ஆள் வீட்டையே விற்றுவிட்டார். ஒவ்வொரு தடவையும் றொய்சனுக்கும் ஷரோனுக்கும் பள்ளிக்கூடம் மாறியது. இந்த வீட்டில்தான் ஷரோன் முதன்முதலாகத் தன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சோறு தின்னக் கொடுத்தாள். இங்கே கருவாடு பொரித்தால் மேலே இருந்து இராஜரட்ணத்தின் மனைவி ரதி கோப்பையோடு இறங்கி வருவார். இந்த வீட்டை விட்டுப் போக அமிர்தநாதருக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை. பிளக் ஓட்டையைப் பார்க்கப் பார்க்க அதற்குள் நாலு பெட்டியும் இரண்டு மெத்தையும் ஒரு வாடகை வான் வண்டியும் தெரிந்தன.

"சனிக்கிழமைக்குள்ள சரி செய்வன்," என்றார். "ரின் பேப்பர் எங்கை?"

பிள்ளைகளின் சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளை நாலாக மடித்துப் பிளக்கில் சுற்றி, ஓட்டையில் வைத்துத் திருகினார். இறுகியது. கொஞ்சம் அதிகமாகவே இறுகியது. அமிர்தநாதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியே? இதுக்குப்போய் மேல போய் அழப் பாத்தாய்."

பிளக் தாங்குகிறதா என்று பார்க்கக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தார். மோட்டருக்குள் பழைய பெற்றோல் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது அவருக்குத் தெரியாது. இழுத்த வேகத்தில் அது பற்றியது. பிளக் துவக்குக் குண்டாகப் புறப்பட்டு, குசினியைக் கடந்து, அடுப்பின் மேல் இருந்த சட்டியின் மூடியில் மோதி, இரண்டையும் நிலத்தில் உருட்டியது.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. படிக்கட்டின் உச்சியில் கதவு திறந்தது.

"நாதர், என்ன சத்தம்?" இராஜரட்ணத்தின் குரலில் பதற்றத்தைவிட ஆவல் கூட இருந்தது போல் பட்டது.

"பிரஷர் குக்கர் அண்ணை."

"ஓ." கதவு மூடவில்லை. "மோட்டர் என்ன மாதிரி? ஏதும் பிரச்சினை எண்டால் ஒளிக்காமல் சொல்லும். நான் கோவிக்கமாட்டன்."

வீட்டுக்காரர் 'கோவிக்கமாட்டன்' என்று முன்கூட்டியே சொல்வது எவ்வளவு பொல்லாத சொல் என்பது மூன்று வீடு மாறியவனுக்குத்தான் தெரியும்.

"மோட்டர் தங்கமான மோட்டர் அண்ணை," என்றார் அமிர்தநாதர்.

கதவு மெதுவாக மூடியது. பத்து நிமிடத்தில் ரதி தன்னுடைய பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கிளடிஸ் தன் நல்ல குக்கரை உடுப்புக் கூடைக்குள் புதைத்தாள். அமிர்தநாதர் மோட்டரின் மேல் தான் உடுக்கிற சாரம் ஒன்றை விரித்துவிட்டு அதற்கு முன்னால் நின்றார்.

"வெடிச்ச குக்கர் எங்கை, காட்டும் பாப்பம். றப்பர் வாசராத்தான் இருக்கும்."

"எறிஞ்சுபோட்டன் ரதியக்கா," என்றாள் கிளடிஸ்.

"அதுக்குள்ளயோ?"

"பிள்ளையள் பயந்திடுவினம் எண்டு."

ரதி போன பிறகு கிளடிஸ் கணவனைப் பார்த்த பார்வையில் ஒரு புது மோட்டரே உருகியிருக்கும்.

வியாழக்கிழமை இரண்டாவது வைத்தியம். இரண்டு குழாயில் வருகிற உலோகப் பசையைக் கடையில் வாங்கி வந்தார். குழைத்தால் இரும்பாகும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஓட்டை நிறையப் பசையை அப்பி, பிளக்கை நட்டு, நாலு மணித்தியாலம் காவலிருந்தார். பெட்டிக்காரன் பொய் சொல்லவில்லை. பசை இரும்பாகத்தான் போனது. பிளக்கை இன்னும் ஒரு பொட்டு இறுக்கி வைப்போம் என்று ஸ்பானரைப் போட்டு நெருக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு முறிந்து அவர் கையில் இருந்தது. இரும்பு உடம்பு மோட்டரில் இருந்தது.

"இப்ப ஓட்டையும் இல்லை," என்றாள் கிளடிஸ்.

இனி ஆள் தேவை. நாலு வீடு தள்ளி இருக்கிற அன்புராசாவைப் பிடித்தார். டாக்சி ஓடுகிற சிநேகிதன், எல்லா வேலைக்கும் ஏதோ ஒரு சாமான் வைத்திருக்கிறவன். முழுக் கதையையும் ஒரு மூச்சில் கேட்டுவிட்டு அன்புராசா ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மேல் பிளக்கோ, கீழ்ப் பிளக்கோ?"

"மேல் பிளக்."

"அப்பாடா."

"என்ன அப்பாடா?"

"ஒண்டுமில்லை மச்சான். மேலது எண்டால் கை வைக்கச் சுகம்."

டாக்சியின் பின் பெட்டியைத் திறந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தான். உள்ளே புரி வெட்டுகிற தடித்த உருக்குத் திருகு ஒன்று. அதற்குப் பக்கத்தில், உள்ளேயும் வெளியேயும் புரி போட்ட உருக்கு வளையம் ஒன்று. இன்னொரு வளையம் இருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது.

"தலையை முழுசாக் கழட்டு," என்று அன்புராசா படிப்பித்தான். "முறிஞ்ச பிளக்கை வெட்டி எடு. பிறகு இந்தத் திருகால ஓட்டையைப் பெருப்பிச்சுப் புதுப் புரி வெட்டு. சிவப்புப் பசை பூசி வளையத்தை உள்ளுக்குத் திருகு. வளையத்துக்குள்ள பிளக். அலுமினியம் போனா என்ன, உருக்குக்கு உருக்கு. சாகுமட்டும் அசையாது. ஆனா நேரா வெட்டவேணும். சரிஞ்சா முடிஞ்சுது."

"உன்னட்டை இந்தச் சாமான் என்னத்துக்கு?"

"கிடந்துது."

"மற்ற வளையம் எங்கை?"

"மச்சான், எயார்போட்டுக்கு ஆள் நிக்குது," என்று சொல்லிக்கொண்டு அன்புராசா டாக்சியில் ஏறினான்.

தலையைக் கழற்றுவதுதான் பெரும்பாடு என்று அமிர்தநாதர் நினைத்திருந்தார். பழைய மோட்டரில் ஆணிகள் துருப்பிடித்து முறியும். கடலில் எத்தனை கண்டிருக்கிறார். ஆனால் இந்த மோட்டரின் ஆணிகள் வெண்ணெயில் போட்டது போல ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கசியாமல் வைக்கிற காஸ்கற் தாள்கூடப் புதிதாக இருந்தது. அந்தோனியார் கைவிடவில்லை என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கீழ் ஓட்டையைப் பார்த்தால் அன்புராசா தந்த அதே மாதிரி ஒரு உருக்கு வளையம் ஏற்கெனவே பொருந்தி இருந்தது.

"கொம்பனிக்காரன் கீழுக்கு மட்டும் போட்டுட்டு மேலுக்கு மறந்துபோனான்," என்று கிளடிஸிடம் விளக்கம் சொன்னார். கடல்காரனுக்கு மோட்டர் விசயத்தில் தெரியாதது என்று ஒன்று இருக்கக்கூடாது.

வாள் அலகை ஓட்டைக்குள் விட்டு முறிந்த பிளக்கை இரண்டு இடத்தில் அறுத்து, சின்ன உளியால் தட்டி வெளியே எடுக்க வியாழன் இரவு முழுவதும் போய்விட்டது. ஓட்டை இப்போது பல்லுப் பிடுங்கிய முரசு போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே வேலையால் வந்துவிட்டார். பாண் சுடுகிற கொம்பனியில் விடியற்புறத்து வேலை. மோட்டரின் தலையைக் குசினி மேசை விளிம்பில் வைத்து, தேங்காய் துருவுகிற மெசினை மேசையோடு பூட்டுகிற பிடியைக் கழற்றி அதால் இறுக்கினார். அலுமினியத்தில் புரி வெட்ட மண்ணெண்ணெய் விடவேண்டும். விட்டார். உருக்குத் திருகை ஓட்டையில் வைத்து, அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு என்று தொடங்கினார்.

"நில்லுங்கோ," என்றாள் கிளடிஸ். "சரியுது."

"எங்கை சரியுது? நேராத்தான் போகுது."

"இடப்பக்கம் சரியுது. நான் ஒரு நாளைக்கு முந்நூறு கொலர் தைக்கிறன். ஒரு நூல் அளவு சரிஞ்சாலும் எனக்குக் கண்ணில குத்தும்."

திருகை எடுத்துவிட்டு, அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு 'வலம், இன்னும் கொஞ்சம் வலம், காணும்' என்று சொல்லச் சொல்ல மறுபடி வைத்தார். இந்த முறை நேராக இறங்கியது. பதினைந்து வருடக் கடல் அனுபவம் முந்நூறு கொலருக்குப் பணிந்து போனதை அமிர்தநாதர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

அப்போதுதான் மண்ணெண்ணெய் வாசம் மேலே போய்ச் சேர்ந்தது.

"கிளடிஸ்," என்று படிக்கட்டிலிருந்து ரதியின் குரல். "என்ன மண்ணெண்ணெய் மணக்குது?"

கிளடிஸ் கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தார்.

"பேனுக்கு ரதியக்கா," என்றாள் கிளடிஸ். வேறென்ன சொல்வாள்? ஊரில் மண்ணெண்ணெய்க்கு விளக்கை விட்டால் அது ஒன்றுதான் வேலை. "பிள்ளையளுக்குப் பேன். பள்ளிக்கூடத்தில தொத்தினது."

மேலே ஒரு 'ஐயோ'. பிறகு ஓட்டம். றொய்சனும் ஷரோனும் ஒவ்வொரு நாளும் மேலே போய் ரதியின் சோபாவில் கிடந்து தொலைக்காட்சி பார்க்கிறவர்கள். ஐந்து நிமிடத்தில் ரதி வீட்டில் இருந்த விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, சோபாத் துணி எல்லாவற்றையும் உருவி ஒரு மலையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். உடுப்புத் தோய்க்கிற மெசின் பேஸ்மென்றில்தான் இருந்தது. அமிர்தநாதரின் கட்டிலில் இருந்து பத்து அடி.

காலடி படியில் கேட்டபோது தலையில்லாத மோட்டர் அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. சாரம் போர்த்தினால் போதாது. ரதி ஒரு சுமை தோய்த்துவிட்டுப் போகிறவர் அல்ல, ஆறு சுமைக்கு வந்திருக்கிறார். அமிர்தநாதர் யோசிக்க நேரமில்லாமல் மோட்டரைத் தூக்கித் தன் கட்டிலில் கிடத்தி, உச்சிவரை போர்வையை இழுத்து மூடினார். அலுமினியத் தலையையும் திருகையும் அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்து கதவைப் பூட்டினார்.

"நாதர் வேலையால வரேல்லையோ?" என்றார் ரதி. பிறகு கட்டிலைப் பார்த்தார். "ஐயோ, படுத்திருக்கிறாரே?"

"காய்ச்சல் அக்கா," என்றாள் கிளடிஸ். அந்தக் கிழமையில் அவள் சொன்ன மூன்றாவது பொய் அது. பாவசங்கீர்த்தனத்துக்கு இனி ஒரு கொப்பி கொண்டுபோகவேண்டும் என்று நினைத்தாள்.

"முகத்தையும் மூடிக்கொண்டு கிடக்கிறார்."

"வெளிச்சம் கண்ணுக்குக் கூசுதாம்."

ரதி இரக்கமுள்ளவர். கட்டிலின் கால்மாட்டில் போர்வை புடைத்திருந்த இடத்தில் மெதுவாகக் கை வைத்தார். மோட்டரின் காற்றாடி அந்த இடத்தில்தான் இருந்தது.

"கிளடிஸ், கால் ஐஸ் மாதிரிக் கிடக்கு. நல்லா விறைச்சும் போச்சு. இது சும்மா காய்ச்சல் இல்லை பிள்ளை."

குளியலறைக்குள் அமிர்தநாதர் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்து, மோட்டரின் தலையை முழங்கால்களுக்கு இடையில் நெருக்கிப் பிடித்து, அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு என்று வெட்டிக்கொண்டிருந்தார். திருகு ஒவ்வொரு முறை கிறீச்சிடும்போதும் வெளியே கிளடிஸ் இருமினாள்.

ரதி மேலே போய்க் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தார். கூடவே இராஜரட்ணமும் வந்தார். இரண்டு பேரும் மோட்டரின் பக்கத்தில் நின்றார்கள்.

"நாதர்," என்று இராஜரட்ணம் கட்டிலைப் பார்த்துக் கூப்பிட்டார். "மனதில ஏதும் பாரம் இருந்தாலும் காய்ச்சல் வரும். சொல்லிப்போட்டால் விட்டிடும்."

மோட்டர் பேசாமல் கிடந்தது.

"நித்திரை கொள்ளுறார்," என்றாள் கிளடிஸ்.

"சரி, கொள்ளட்டும். நாளைக்கு இவருக்கு ஏரியும் இல்லை, மீனும் இல்லை. காலமை எட்டு மணிக்கு நான் வந்து மோட்டரை எடுக்கிறன். எடுத்து முற்றத்தில வைச்சு ஒருக்கா இயக்கிப் பாப்பம், நல்லாத்தானே கிடக்கெண்டு." இராஜரட்ணம் சுற்றுமுற்றும் பார்த்தார். "மோட்டர் எங்கை?"

"கராஜில வைச்சிட்டம் அண்ணை."

"ம்," என்றார் இராஜரட்ணம். போகும்போது ஏனோ ஒரு சின்னச் சந்தோசத்தோடு படியேறினார்.

குளியலறைக்குள் அமிர்தநாதர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணி. எட்டு மணிக்கு எல்லாம் தெரிந்துவிடும். உடைத்தது, ஒளித்தது, குக்கர், பேன், காய்ச்சல் எல்லாம் வரிசையாக வரும். உடைத்ததற்கு மன்னிக்கிற வீட்டுக்காரர் இருக்கலாம். கட்டிலில் இரும்பைப் போர்த்திவிட்டுக் கொத்தமல்லி வாங்கிக் குடித்ததற்கு மன்னிக்கிற வீட்டுக்காரர் உலகத்தில் இல்லை. ஷரோனுக்கு என்ன சொல்லுவது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் கை நிற்கவில்லை. கடைசிச் சுற்று வெட்டி, திருகை எடுத்து, துணியால் துடைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் புதுப் புரி ஒரு குறையில்லாமல் அடுக்கடுக்காக மின்னியது. சிவப்புப் பசை பூசி உருக்கு வளையத்தை விரலால் திருகினார். இறங்கியது. விளிம்போடு விளிம்பாகப் போய் உட்கார்ந்தது. புதுப் பிளக் ஒன்றை எடுத்து வளையத்துக்குள் திருகினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று, நாலு. பிறகு நின்றது. கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று நாளாக அந்த நிற்பைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறு சுமையும் தோய்த்து முடித்து ரதி படியேறிய பிறகு, கதவைத் திறந்து கிளடிஸிடம் காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நேர்," என்றாள். கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் சொன்ன ஒரு சொல்லும் அவருக்கு இவ்வளவு இனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய பெரிய குப்பை வாளி தயாராக இருந்தது. வாளி விளிம்பில் பலகை கட்டி, இரவோடிரவாகத் தலையை மாட்டிய மோட்டரைப் பூட்டி, அதன் கால் தண்ணீருக்குள் நிற்க, பக்கத்தில் அமிர்தநாதர் தலை தோய்ந்து குளித்து உடுத்திக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் விட்டுதோ?" என்றார் ரதி ஆச்சரியமாக.

"உங்கட கொத்தமல்லிதான் அக்கா."

இராஜரட்ணம் மோட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து மேல் பிளக்கைப் பார்த்தார். பிறகு அமிர்தநாதரை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியாக் கேக்கிறன் நாதர். ஏதும் சொல்ல இருக்கோ?"

"இயக்கிப்போட்டுச் சொல்லுறன் அண்ணை."

முதல் இழுவை. ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுவை. ஒரு இருமல், அவ்வளவுதான். இராஜரட்ணத்தின் முகத்தில் ஏதோ ஒரு களை ஏறியது. வாசலில் நின்ற கிளடிஸின் உதடு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் டாக்சியை நிறுத்திவிட்டு அன்புராசாவும் எட்டிப் பார்த்தான்.

மூன்றாவது இழுவையை அமிர்தநாதர் தோளிலிருந்து எடுக்கவில்லை. பாசையூரிலிருந்து எடுத்தார். மோட்டர் ஒரு முறை முழங்கியது, பிறகு நிதானத்துக்கு வந்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு கசிவு இல்லை. தையல் மெசின் மாதிரி ஒரே சீராக ஓடியது. வாளித் தண்ணீர் சுழன்று சுழன்று விளிம்பு தாண்டி எல்லார் காலையும் நனைத்தது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் கதவைத் திறந்துகொண்டு வந்து கை தட்டினார். அன்புராசா வேலியைப் பிடித்துக்கொண்டு துள்ளினான். அமிர்தநாதர் வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். பிளக் அசையவில்லை. மூன்று நாளாக மூச்சை அடக்கியிருந்த மனிதர் அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய ரொறன்ரோக் காற்றை இழுத்தார். புகையும் சேர்ந்து போனது. அதுவும் நல்லாகத்தான் இருந்தது.

"வாங்கினதைவிட நல்லாத் திருப்பித் தாறன் அண்ணை," என்று மோட்டரின் சத்தத்துக்கு மேலால் சொன்னார். "இனி இருபது வருசத்துக்கு இதில கை வைக்கத் தேவையில்லை."

"இருபது வருசம்," என்றார் இராஜரட்ணம்.

ரதிக்குப் பிடிபடாத சந்தோசம். "இப்பிடி ஆக்கள் கீழ இருக்கிறதுக்குக் குடுத்து வைச்சிருக்கவேணும். கிளடிஸ், ஷரோன் கலியாணம் முடிக்குமட்டும் நீங்கள் இந்த வீட்டை விட்டு ஒரு இடமும் போகேலாது, சொல்லிப்போட்டன்." கிளடிஸின் கண்ணில் தண்ணீர் முட்டியது. ரதி கணவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சொல்லிப்போட்டன். பழசு உடைஞ்சாத்தான் புது மோட்டர். உது உடையவே உடையாது. அந்தக் கதையை இண்டையோட விடுங்கோ."

சொல்லிவிட்டுக் கிளடிஸின் கையைப் பிடித்துத் தேத்தண்ணி போட உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அமிர்தநாதர் மோட்டரை நிறுத்தினார். வெற்றி பெற்றவன் பொய்யோடு நிற்கக்கூடாது என்று பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணை, உள்ளதைச் சொன்னால் அந்த மேல் பிளக்..." என்று தொடங்கினார்.

இராஜரட்ணம் கையைக் காட்டி மறித்தார். வாளிக்குப் பக்கத்தில், நனைந்த புல்லில், பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாலு வருசமா உந்த மோட்டரை இந்தத் தெருவில இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் உடைக்கச் சொல்லித்தான் குடுக்கிறன் நாதர்," என்றார். "ஒருத்தனாவது உடைச்சுப்போட்டன் எண்டு வந்து சொல்லுறானில்லை, எல்லாரும் களவாத் திருத்தியெல்லோ கொண்டுவந்து தாறாங்கள்."